வலவன் ஆகும் வழி

சேலம் அஸ்தம்பட்டியைக் கடந்து, கோரிமேட்டையும் தாண்டி, ஏற்காடு அடிவாரத்தை அடைந்ததும் சமவெளிச் சாலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மலையூர் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த பலகை நிற்கிறது. விடுமுறை நாளொன்றில் அச்சாலையின் ஓரமாக அரைமணி நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். நம் இளைஞர்களுக்குக் கார் ஓட்டத் தெரிகிறது. மலையில் கார் ஓட்டத் தெரியவில்லை.

இறங்கும்போது பிரேக்கின்மேல் வைத்த காலை எடுக்காமலே வருகின்றனர். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை நீக்கிவிட்டு உருண்டு வருவோரும் உளர். முன்னே செல்லும் காப்பித்தோட்ட ஜீப்பை வளைவிலேயே முந்தப் பார்க்கின்றனர். குரங்குக்குப் பழம் போடுவதற்காக வளைவின் நடுவில் காரை நிறுத்துகின்றனர். அடிவாரத்தை அடையும்போது சக்கரங்களிலிருந்து கருகிய நாற்றம் எழுகிறது. அது எதனால் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. அவர்களைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கற்றுக்கொடுக்க ஆளில்லாத ஒன்றை அறியவில்லை என்று ஒருவரைப் பழித்தல் ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு அழகாகாது. கற்றுக்கொள்ள வழி உண்டா, அவ்வழி நடுத்தரக் குடும்பத்தின் பணப்பைக்கு எட்டுமா என்பதே இங்கு எழும் வினா. வழி உண்டு, அது எட்டக்கூடியதே, அதற்குரிய பயிற்சிக்கூடம் நம் வீட்டு வாசலில் நிற்கும் சொந்தக் காரே என்பது என் கருத்து.

இதனை ஒரு பொழுதுபோக்குச் செய்தியாக எவரும் கருதிவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கு வெளியிட்டது. அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் மாநிலமே நாட்டில் முதலிடம் பெற்றது. நம் ஏற்காட்டுச் சாலையிலேயே 2024 ஏப்ரல் 30ஆம் நாள் மாலை, சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து ஒன்று 13ஆம் வளைவருகே தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழ்ச்சாலையில் வீழ்ந்தது. பலர் இறந்தனர், காயமுற்றோர் மிகப் பலர். தொழில்முறை ஓட்டுநர் அன்றாடம் ஓட்டும் சாலையே இத்தகையது என்றால், ஆண்டுக்கு ஒருமுறை மேலேறும் நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உரிமம் வேறு, வல்லமை வேறு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கார் ஓட்டப் பயிற்றும் பள்ளிகளுக்கு ஒரு பாடத்திட்டத்தை வகுத்துள்ளன. குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் ஓட்டுதல் என்பது அதன் அளவு. 2021இல் நடுவண் அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கெனப் புதிய திட்டம் ஒன்றை வகுத்தது. அதன்படி மொத்தம் 29 மணி நேரத்தில் 21 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. மேடேறுதலும் இறங்குதலும் அதில் பாடமாகவே இடம்பெற்றன. நல்ல திட்டந்தான். ஆயினும், தெருமுனைப் பயிற்சிப் பள்ளியில் காலை அரைமணி நேரம் கழித்துவிட்டு உரிமம் பெற்ற இலட்சக்கணக்கானோர்க்கு அதனால் பயனென்ன? அவர்களுடைய பயிற்சி உரிமம் கைக்கு வந்த அன்றே நின்றுவிட்டது.

அப்பள்ளிகளின் காரில் இன்னொரு குறையும் உண்டு. பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க வேண்டும் என்பது விதி. தொடக்கநிலையில் அது இன்றியமையாதது. ஆனால் மாணவர் தாம் நிறுத்தியதாக எண்ணிக்கொண்ட இடங்களில் பாதியை உண்மையில் நிறுத்தியது ஆசிரியரின் கால். தேர்வறையில் ஆசிரியரே விடையைச் சொல்லிக்கொடுத்துப் பெற்ற மதிப்பெண்ணைப் போன்றது அது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். இன்று நாம் ‘ஓட்டுநர்’ என்கிறோம். ஓடச் செய்பவர் என்பதே அதன் பொருள். எவ்வாறு ஓடச் செய்கிறார் என்பதற்கு அச்சொல்லில் விடையில்லை. சங்கத்தமிழ் தேர் செலுத்துபவனை ‘வலவன்’ என்றது. வலவன் என்றால் வல்லவன் என்றும் பொருள். விரைவைச் சுட்டாமல் வல்லமையைச் சுட்டிய பெயர் அது. அகநானூற்றின் நான்காம் பாடலில் வரும் தலைவன், காதலியைக் காண விரைந்து திரும்புகிறான். அத்துணை விரைவிலும், மலரில் துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சுமென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவும் பிற உயிர்மேல் கருத்தும் ஒரே தேரில் அமர்ந்து வரலாம் என்று நம் முன்னோர் கண்டிருந்தனர். இன்றைய நிலை வேறு. மலைச்சாலையின் ஓரமாகத் தோட்ட வேலை முடித்துத் தலைச்சுமையோடு நடந்து வரும் பெண்களின் காதருகே ஒலிப்பானை அலறவிட்டுச் செல்கிறோம்.

மேலைநாடுகளில் உரிமம் பெற்றோர்க்கென மேற்படிப்பாக ஒரு பயிற்சி உண்டு. காரின் ஆற்றலையும் எல்லையையும் அறிந்து, பிரேக், ஸ்டியரிங், கியர் மூன்றையும் தேவைக்கேற்ப இயைத்து ஓட்டக் கற்பிப்பது அது. திறனோட்டப் பயிற்சி என்று அதனைக் கூறலாம். பந்தயம் என்று கூறலாகாது. இதில் இருவகை உண்டு. ஒன்று, பந்தயத் தளத்தில் நிறுவனத்தாரின் காரிலோ தம் காரிலோ விரைந்து ஓட்டிக் கற்பது. மற்றொன்று, பொதுச்சாலையில் விதிக்குட்பட்டு ஓட்டிக் கற்பது.

முதல் வகைக்குத் தமிழ்நாட்டில் நெடிய மரபுண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமாகிய சோழவரத்தில்தான் நெடுங்காலம் கார்ப் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தளம் அமைத்தது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள தளம், 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரால் வழங்குகிறது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் செல்ல மனமில்லை. செல்வந்தர் மட்டுமே பந்தயக் கார் வாங்க முடிந்த காலத்தில், சாதாரண மாருதி 800 காரின் எஞ்சினைக்கொண்டே ‘ஃபார்முலா மாருதி’ என்னும் பந்தயக் காரை 1988இல் உருவாக்கியவர் அவர். கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அவ்வகைக் காரே. 2005இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். மலிவான எஞ்சினும் நல்ல ஆசிரியரும் கிடைத்தால் ஒருவர் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பெண்களும் பின்தங்கவில்லை. சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா காரிலும் மோட்டார் சைக்கிளிலும் தேசிய அளவிலான பந்தயங்களில் ஓட்டியவர்.

இத்தளங்களில் பொதுமக்கள் தம் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாட்களும் நடத்தப்பெறுகின்றன. வாய்ப்புள்ளோர் ஒருமுறை செல்லலாம். எதிரில் வண்டி வராத இடத்தில் முழு விசையுடன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பதே ஒரு கல்வி. ஆனால் ‘சொந்தக் கார்தானே, செலவில்லை’ என்று கணக்கிடுவோர் தம் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டுச் செல்வது நல்லது. நம் நாட்டுத் தனியார் கார்க் காப்பீட்டில் அமைப்பு முறையான பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்கு இழப்பீடு கிடையாது. சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் அவ்வரிகளை வாங்கும் நாளில் எவரும் படிப்பதில்லை. தளத்தின் சுவரில் மோதிய கதவுக்கும் விளக்குக்கும் சொந்தப் பணந்தான் செல்லும். ஒரே நாளில் தேயும் டயரும் பிரேக் பட்டையும் வேறு. ஆக, மலிவு என்று தொடங்கியது மலிவாக முடியும் என்பதற்கு உறுதியில்லை.

தளத்திற்குச் செல்லவும் வசதியின்றி, மலைச்சாலையையே தளமாக்கிக்கொள்ளும் இளைஞர்களும் உள்ளனர். எந்த வளைவை எத்தனை வேகத்தில் கடந்தோம் என்று படம்பிடித்து நண்பர்க்குக் காட்டுகின்றனர். பொதுச்சாலையில் பந்தயமிடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019இல் திருத்தப்பட்ட அப்பிரிவு முதல்முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டத்திற்கு அஞ்சாதவர்கூட நீலகிரியின் கல்லட்டிச் சாலையை நினைத்தாவது அஞ்ச வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது அது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த நண்பர்களின் கார் ஒன்று அங்கே பள்ளத்தில் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்தே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் வெளிமாவட்ட வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை வந்தது.

நமக்குப் பொருந்துவது இரண்டாம் வகையே. 1930களில் லண்டன் பெருநகரக் காவல்துறை ஹெண்டன் என்னுமிடத்தில் தன் ஓட்டுநர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியது. அங்கு வளர்ந்த பாடமுறை 1955இல் ‘ரோடுகிராஃப்ட்’ என்ற நூலாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது. மறு ஆண்டே அந்நாட்டில் உயர்நிலை ஓட்டுநர்க்கான கழகம் ஒன்று தோன்றியது. அதன் நடைமுறை எளியது. கற்பவர் தம் சொந்தக் காரைக் கொண்டுவருவார். அனுபவமிக்க உறுப்பினர் ஒருவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து குறைநிறைகளைக் குறித்துக்கொள்வார். அவர் ஊதியம் பெறாத தொண்டர். பயிற்சி முடிந்தபின் தேர்வும் அதே காரில், அதே பொதுச்சாலையில் நடைபெறும். இதில் பெருஞ்செலவு எங்கே இருக்கிறது? காருக்கு வாடகையில்லை, தளத்துக்குக் கட்டணமில்லை, ஆசிரியரின் நேரம் தொண்டு. எஞ்சுவது சிறிய சந்தாவும் பெட்ரோலுமே. சொந்தக் காரில் கற்பதன் பயன் பணத்தோடு முடிவதுமில்லை. நாளை நாம் ஓட்டப்போகும் அதே கிளட்ச், அதே பிரேக், அதே இருக்கையில் கற்ற பாடத்தை வேறொரு காருக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய தொல்லை இல்லை.

இங்கே பெரியவர்கள் ஒரு தடை எழுப்புவார்கள். ‘இருக்கிற வித்தையே போதும், இன்னும் கற்றுக்கொடுத்தால் பையன் இன்னும் வேகமாகப் போவான்’ என்பார்கள். நகைத்து ஒதுக்கத்தக்க கருத்தன்று இது. நார்வே நாட்டில் 1979இல் புதிய ஓட்டுநர்க்கு வழுக்கும் தரையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்கினர். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, இளம் ஆண்கள் வழுக்குச் சாலையில் செய்த விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. சறுக்கினாலும் சமாளிப்போம் என்ற துணிவு, சறுக்காமல் ஓட்ட வேண்டும் என்ற கருத்தை விழுங்கிவிட்டது. ஆகவே பெரியவர்களின் அச்சத்துக்குச் சான்று உண்டு. ஆயினும் அது கல்வியை விலக்குவதற்குரிய சான்றன்று. ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதற்குரிய அளவுகோல். ‘சறுக்கும் காரை எப்படித் திருப்புவது’ என்று தொடங்குபவரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம். ‘எவ்வளவு தொலைவு உன் கண்ணுக்குத் தெரிகிறது’ என்று தொடங்குபவரிடம் அனுப்பலாம்.

எனக்கு மலையில் ஓட்டக் கற்பித்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். முதல் நாள் அவர் எஞ்சினை இயக்கவே விடவில்லை. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னார். பிரேக்கை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். முதுகு இருக்கையை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும் என்றார். கண்ணாடிகளைச் சரிசெய்யவே கால்மணி நேரம் ஆயிற்று. மறுநாள் சாலையில், கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொன்னார். “கண்ணு முன்னால போகணும் சார், வண்டி பின்னால வரணும்” என்பது அவர் பாடத்தின் சாரம். வாய்விட்டுச் சொல்லி ஓட்டும் அந்த முறை இங்கிலாந்துக் காவலர் பயிற்சியிலும் உண்டென்று பின்னாளில் படித்து வியந்தேன். அவர் எந்த நூலையும் படித்தவரல்லர்.

வளைவை அளக்க ஓர் எளிய வழி உண்டு. சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தொலைவில் ஒன்றையொன்று தொடுவதுபோல் ஓர் இடம் தோன்றும். நாம் நெருங்க நெருங்க அவ்விடம் அசையாது நின்றால் வளைவு இறுகுகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும். நம்மோடு சேர்ந்து அதுவும் விலகிச் சென்றால் வளைவு விரிகிறது, மெல்லக் கூட்டலாம். தெளிவாகக் காணும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் ஒருபோதும் செல்லாதிருத்தலே இதன் அடிப்படை. பாறையும் சில்வர் ஓக் மரமும் மறைக்கும் ஏற்காட்டு வளைவுகளில் அத்தொலைவு சில நேரம் இருபது மீட்டர்கூட இராது. உலர்ந்த சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்தபின் நிற்க ஏறத்தாழ 10 மீட்டர் வேண்டும். கண் கண்டு கால் மிதிக்கும் ஒரு வினாடிக்குள் கடக்கும் 11 மீட்டர் தனி. வேகம் 80 ஆனால் பிரேக் தொலைவு இருமடங்கன்று, நான்மடங்கு. 40 மீட்டரை நெருங்கும். மழையிலும் இறக்கத்திலும் இன்னும் நீளும். இக்கணக்கைப் பிள்ளைகள் பள்ளி இயற்பியலில் எழுதித் தேறியவர்கள்தாம். காரில் ஏறும்போது அதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

பிரேக்கை வளைவுக்கு முன்னரே, கார் நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் திடீரென்று மிதித்தால் பாரமெல்லாம் முன்சக்கரங்களுக்குத் தாவும். பின்சக்கரங்கள் பிடியை இழக்கும். ஒரே டயர் நிறுத்தவும் திருப்பவும் ஒருசேர முழு வலிமை காட்டாது. கியரையும் வளைவுக்கு முன்னரே குறைத்துக்கொண்டு, மெதுவாக நுழைந்து, வழி தெரிந்தபின் சீராக வெளியேறுவதே முறை.

இறக்கம்தான் மலையின் உண்மையான தேர்வு. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் வாய்மொழி. அதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆட்களுடன் 1,200 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், முப்பத்தைந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் சாலையும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை எஞ்சின் ஏற்காவிட்டால் பிரேக் ஏற்க வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. பழைய திரவம் புதியதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் நிறையும், மிதித்த கால் பஞ்சில் அழுந்துவதுபோல் அடிவரை செல்லும், கார் நிற்காது. ஆகவேதான் இரண்டாண்டுக்கு ஒருமுறை அத்திரவத்தை மாற்றச் சொல்கிறார்கள். தானியங்கிக் கியர் உள்ள காரிலும் தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்க வழியுண்டு. காருடன் வந்த கையேட்டில் அது இருக்கும். அக்கையேடு உறை பிரிக்கப்படாமல் முன்பெட்டியில் உறங்குவதே நம் வழக்கம்.

குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நாகரிகம் மட்டுமன்று, விதி. பேருந்தும் லாரியும் கொண்டை ஊசி வளைவில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்தே திரும்ப முடியும். அது வரும் ஓசை கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். காட்டெருமை குறுக்கிடும் இடங்களும் உண்டு. அதற்கு எவ்விதியும் தெரியாது.

சொந்தக் காரில் கற்போர்க்குரிய வரம்புகளையும் மறைத்தலாகாது. பயிற்றுநர் காலடியில் பிரேக் இல்லை. கைப்பிரேக் ஒன்றே அவருக்கு எட்டும். எனவே பழகுநர் உரிமம் மட்டும் வைத்திருப்பவரை மலைக்கு அழைத்துச் செல்லும் எண்ணமே கூடாது. அவர்க்கு இருபுறமும் சிவப்பு ‘எல்’ பலகையும், பக்கத்தில் உரிமம் பெற்ற பயிற்றுநரும், சமவெளியும் போதும். உரிமம் பெற்று ஓராண்டாவது சாலையில் பழகியவர்க்கே இப்பயிற்சி. முதற்கட்டம் வெற்று மைதானம். நாற்பது கி.மீ. வேகத்தில் வந்து பிரேக்கை முழுவதும் மிதிக்கச் செய்ய வேண்டும். 2019 முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் சக்கரம் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயம். அது இயங்கும்போது மிதிபலகை காலடியில் அதிரும். அதை அறியாதவர் காரில் ஏதோ உடைந்தது என்று அஞ்சிக் காலை எடுத்துவிடுகின்றனர். அதாவது உயிரைக் காக்கும் கருவியைச் சரியான நொடியில் கைவிடுகின்றனர். மைதானத்தில் பத்து முறை மிதித்துப் பழகியவர்க்கு அந்த அதிர்ச்சி இராது. இந்த ஒரு பயிற்சிக்காகவே சொந்தக் கார் வேண்டும் என்பேன். அடுத்தவர் காரின் அதிர்வு நம் காலுக்குப் பாடமாகாது.

எட்டு இலட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கும் குடும்பம் இருக்கை உறைக்கும் ஒலிபெருக்கிக்கும் பளபளக்கும் சக்கரத்துக்கும் நாற்பதாயிரம் செலவிடத் தயங்குவதில்லை. காரின் விலையில் நூற்றில் ஒரு பங்கு எட்டாயிரம். பிரேக் திரவம் மாற்றவும், பயிற்றுநர்க்குச் சில காலைப் பொழுதுகளுக்கு மதிப்பூதியம் தரவும் அது தாராளம். தேய்ந்த டயர் இருந்தால் முதலில் அதனை மாற்றுக. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரில் ஓடுவது சட்டப்படியும் தவறு. சேலத்திலிருந்து ஏற்காடு சென்று திரும்ப ஏறத்தாழ 60 கி.மீ.; நான்கைந்து லிட்டர் பெட்ரோல். கோடை விழாக் காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே கற்கச் செல்வது பிறர்க்குத் தொல்லை. வேலைநாள் ஒன்றின் விடியற்காலை, பனிமூட்டமில்லாத பருவம் ஏற்றவை. முதல் இரண்டு பயணங்களில் ஆசிரியரே ஓட்ட, மாணவர் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வரட்டும்.

ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்பதே இறுதியில் எழும் கேள்வி. நம்மிடையே முப்பதாண்டு, நாற்பதாண்டு மலைச்சாலையில் பேருந்தும் லாரியும் ஓட்டி ஓய்வுபெற்றவர்கள் இருக்கின்றனர். திண்ணையில் அமர்ந்திருக்கும் அவர்களிடம் உள்ளது ஒரு பெருங்கல்வி என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தேர்ந்தெடுக்கும்போது மூன்று செய்திகளை விசாரித்தால் போதும். விபத்தின்றி ஓட்டியவரா? கற்பவர் தவறும்போது குரலை உயர்த்தாதவரா? ‘இன்று மழை, மலைக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவரா? மூன்றாவது கேள்வியை நான் முதலாவதாகக் கேட்பேன். மாணவியர்க்கும் இவ்வாய்ப்பு வேண்டும். குடும்பத்துடன் மலையேறிய இடத்தில் ஓட்டி வந்தவர்க்கு உடல்நலம் கெட்டால், உரிமம் வைத்திருந்தும் இறக்க அஞ்சி நிற்கும் நிலை நம் பெண்களுக்கு ஏன்?

கல்லூரி மைதானம் விடுமுறை நாள் காலைகளில் வெறுமையாகத்தான் கிடக்கிறது. பழைய மாணவர்களுள் கார் உடையோர் ஐவர், ஓய்வுபெற்ற ஓட்டுநர் இருவர், எல்லை காட்ட இருபது காலிப் பெயிண்ட் டப்பாக்கள், முதலுதவிப் பெட்டி ஒன்று, இவ்வளவு இருந்தால் முதல் வகுப்பைத் தொடங்கிவிடலாம். மைதானத்திற்கு நிருவாகத்தாரின் அனுமதி வேண்டும். அதற்குரிய விண்ணப்பத்தை எழுதித் தரும் பணியைத் தமிழ்த்துறை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளும்.